சிங்கப்பூர் – நியூயார்க்: 15,300 கி.மீ., பதினெட்டே முக்கால் மணி நேரம்

மே 13, 2025, செவ்வாய். சிங்கப்பூர்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜே.எப்.கே. விமான நிலையம் வரை எவ்வளவு தூரம் என்று தேடினால் ஓரிடத்தில் 15,300 கி.மீ. என்று இருக்கும், இன்னோரிடத்தில் 15,350 என்று இருக்கும், வேறொன்றில் 16,000 தாண்டியிருக்கும். எதுவும் பொய்யில்லை. முதல் இரண்டும் பூமி உருண்டை மேல் நூல் பிடித்து அளந்த தூரம். மூன்றாவது, விமானம் உண்மையிலேயே பறக்கும் தூரம்.

நூல் பிடித்த தூரத்தை ஒரு தாளிலேயே கணக்கிட்டுவிடலாம். சாங்கி இருப்பது வடக்கு 1.36 பாகை, கிழக்கு 104 பாகை. ஜே.எப்.கே. இருப்பது வடக்கு 40.64, மேற்கு 73.8. இரு தீர்க்கரேகைகளையும் கூட்டினால் 177.8 வருகிறது, 180க்கு ஒட்டிய எண். அதாவது துருவத்துக்கு இந்தப் பக்கம் சிங்கப்பூர், நேர் அந்தப் பக்கம் நியூயார்க். ஆகவே மிகக் குறுகிய வழி கிழக்கிலும் இல்லை, மேற்கிலும் இல்லை. நேர் வடக்கே சீனா, மங்கோலியா, சைபீரியா தாண்டி, வடதுருவத்திலிருந்து 300 கி.மீ.க்குள் கடந்து, கனடா வழியாகக் கீழே இறங்க வேண்டும். 180லிருந்து இரண்டு அட்சரேகைகளையும் கழித்தால் 138 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் பெருக்கினால் 15,345 கி.மீ.

அந்த வழியில் நாளை நான் ஏறும் நேரடி விமானம் போகாது. 2022இலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ரஷ்ய வான்வெளியைத் தவிர்க்கிறது. அதற்கு முன்பும் பல நாட்களில் பசிபிக் வழிதான், காரணம் காற்று. ஜப்பானுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் என்ற உயர்வானக் காற்றோட்டம் குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யைச் சாதாரணமாகத் தாண்டும். டோக்கியோ மேலாகச் சுற்றிப் போனால் தூரம் சுமார் 16,200 கி.மீ.; நேர்வழியைவிட 850 கி.மீ. அதிகம். ஆனால் வழிநெடுக சராசரியாக மணிக்கு 50 கி.மீ. பின்காற்று கிடைத்தாலே வானில் இருக்கும் பதினேழரை மணி நேரத்தில் 875 கி.மீ. கைக்கு வந்துவிடுகிறது. சுற்று வழிக்கான கடன் அதிலேயே அடைந்துவிடும். அதற்கு மேல் வீசும் காற்றெல்லாம் லாபம்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் சாப்பாட்டில் கவனம் வேண்டும். தேக்கா நிலைய உணவுக் கடைகளில் மட்டன் பிரியாணிக்கு மதியம் பன்னிரண்டரைக்கே வரிசை நிற்கிறது. காலியாகத் தெரியும் மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ பிடித்துவைத்த இடம், உட்காரக் கூடாது. புதிதாக வருபவர் தெரியாமல் உட்கார்ந்துவிட்டாலும் யாரும் சத்தம் போடுவதில்லை. தட்டோடு வந்து நின்று சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். பிரியாணி நல்ல பிரியாணிதான், ஆனால் பயணத்துக்கு முந்தைய நாள் தோசையும் கோப்பியும் போதும். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைவதால் வயிற்றுக்குள் இருக்கும் வாயு விரிவடையும். பருப்பு, சுண்டல், முட்டைக்கோஸ், சோடா ஆகியவற்றை ஒருநாள் முன்பே நிறுத்திவிட்டால் பத்தாவது மணி நேரத்தில் வயிறு நன்றி சொல்லும்.

மாலை நான்கு மணிக்கு இடியோடு மழை. முக்கால் மணி நேரத்தில் நின்று, மறுபடி 31 டிகிரி புழுக்கம்.

மே 14, புதன். சாங்கி

தானா மேராவில் ரயில் மாறி விமான நிலையம். சாங்கியின் முதல் மூன்று முனையங்களிலும் பாதுகாப்புச் சோதனை போர்டிங் கேட் வாசலிலேயே நடக்கும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மற்ற ஊர்களில் சோதனை முடித்துவிட்டுத்தான் கடைகளுக்குள் நுழைவோம். வாங்கிய தண்ணீரை நேரே விமானத்துக்குக் கொண்டுபோகலாம். இங்கே கடை முதலில், சோதனை பிறகு. கேட் அருகே இருக்கும் தொட்டியில் இன்றும் திறக்காத தண்ணீர் பாட்டில்கள் குவிந்திருந்தன. ஒரு அம்மா ஆறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கிய மிளகாய்ச் சம்பல் பாட்டிலை அதில் போட மனமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் கூடாது. சம்பல், ஊறுகாய், நெய் எல்லாம் திரவக் கணக்குத்தான். காலி பாட்டிலோடு போய், சோதனை முடிந்த பிறகு நிரப்பிக்கொள்வது நல்லது.

அமெரிக்கா போகும் விமானங்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. கைப்பையில் 350 மில்லிக்கு மேல் பொடி இருந்தால் தனிச் சோதனை. சோதிப்பவருக்குத் திருப்தி இல்லையென்றால் அதுவும் தொட்டிக்குத்தான். இட்லிப் பொடி, சாம்பார் பொடி, காபித் தூள் எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போட்டுவிடுவது மேல். பச்சைக் கறிவேப்பிலையை எந்தப் பெட்டியிலும் போடக் கூடாது. எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சியும் நோயும் அதன் மூலம் பரவும் என்பதால் அமெரிக்கா அதைத் தடுத்திருக்கிறது. மாம்பழம், கருவாடு போன்றவை இருந்தால் வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். சொன்னால் பொருள் மட்டும்தான் போகும்; மறைத்தால் அபராதம் 300 டாலரில் தொடங்கும்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம். 20,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருந்தால் 3.7 வோல்ட்டால் பெருக்கி 74 வாட்-மணி என்று வரும், ஆகவே பிரச்சினையில்லை. ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானங்களில் அதைப் பயன்படுத்தவும் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. போனுக்கு இருக்கையில் இருக்கும் இணைப்புத்தான். அதற்கான கம்பியை மேலே தூக்கி வைக்கும் பையில் போட்டுவிட்டு ஏறிய பிறகு தேடுபவர்கள் வரிசைக்கு இருவர் இருந்தார்கள்.

விமானம் ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர்., அதாவது மிக நீண்ட தூரத்துக்கான வகை. வெளியே பார்த்தால் சாதாரண ஏ350தான். உள்ளே எரிபொருள் ஏற்பாடு வேறு: சாதாரண வகையில் 1,41,000 லிட்டர் கொள்ளும், இதில் 1,65,000 லிட்டர். முழுக்க நிரப்பினால் எரிபொருள் மட்டும் 130 டன் வரும். புறப்படும்போது அனுமதிக்கப்பட்ட மொத்த எடையே 280 டன்தான். இந்த எடைக் கணக்கினால்தான் 161 இருக்கைகளோடு நிறுத்தியிருக்கிறார்கள்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி கிடையாது. முன்பக்கச் சரக்கு அறையும் பயன்பாட்டில் இல்லை.

பிரீமியம் எகானமியில் கடைசி மூன்று வரிசைகளை, அதாவது 40, 41, 42ஐ, கவனிக்க வேண்டும். விமானத்தின் உடல் குறுகும் இடம் என்பதால் சன்னலோரம் ஒரே ஒரு இருக்கைதான். பக்கத்தில் ஆள் இல்லை, சன்னலுக்கும் இருக்கைக்கும் நடுவே பொருள் வைக்கப் பெட்டி. தனியாகப் போகிறவருக்கு விமானத்திலேயே சிறந்த இடம் அதுதான். கழிவறையும் சமையல் பகுதியும் அருகே என்பதால் நடமாட்டம் இருக்கும். தூக்கம் லேசாக வருபவர் முன்வரிசைகளைப் பார்க்கலாம்.

மே 14, புதன். பசிபிக் மேலே

நண்பகலுக்குச் சற்றுப் பின் கிளம்பியது. எரிபொருள் சுமையால் தொடக்கத்தில் உயரம் எட்ட முடியாது. முதலில் 31,000 அடி போலப் போய், எரிபொருள் தீரத் தீர 35,000, 39,000 என்று படிப்படியாக ஏறும். வேகம் ஒலிவேகத்தில் 0.85 பங்கு, காற்றில்லாமல் மணிக்கு 900 கி.மீ. அளவு. ஜப்பானுக்குக் கிழக்கே போனதும் திரையில் தரைவேகம் 1,050 காட்டியது. நடுவில் இருக்கும் அந்த 150 முழுக்கக் காற்றின் கொடை.

அட்டவணையில் உள்ள 18 மணி 40 நிமிடம் என்பது கேட்டிலிருந்து கேட் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்கிய பின் ஊர்ந்து வருவது எல்லாம் அதில் அடக்கம். சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தொடும் வரை பதினேழரை மணி நேரத்தைத் தாண்டினால் அது வழக்கமான நாள். 2018 அக்டோபர் 11 இரவு இந்த வகை விமானம் முதல்முறையாக நியூயார்க்கை அடுத்த நியூஜெர்சியின் நியூவார்க் விமான நிலையத்துக்குப் பறந்தபோது எடுத்துக்கொண்டது 17 மணி 52 நிமிடம்.

நியூவார்க் தடம் அதற்கும் மூத்தது. 2004 ஜூனில் ஏ340-500 கொண்டு தொடங்கினார்கள். நான்கு என்ஜின், தொட்டியில் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் எரிபொருள். எரிபொருள் விலை ஏற ஏறத் தாங்கவில்லை. 2008இல் அத்தனையும் பிசினஸ் இருக்கையாக்கி நூறு பேரை மட்டும் ஏற்றிப் பார்த்தார்கள். 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். தூரம் மாறவில்லை, விமான நிலையம் மாறவில்லை. இரண்டு என்ஜினும் கார்பன் இழை உடலும் வந்த பிறகுதான் அதே தடம் கட்டுப்படியானது. ஜே.எப்.கே. சேவை 2020 நவம்பரில் சேர்ந்தது.

சாப்பாடு இரண்டு வேளை, நடுவே சிற்றுண்டி. இந்திய சைவம் வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே பதிய வேண்டும். பதிந்தவர்களுக்கு மற்றவர்களைவிடப் பத்து நிமிடம் முன்பே வந்துவிடுகிறது. இன்று சாதம், பன்னீர், பருப்பு. உயரத்தில் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மந்தமாகத் தெரியும், புளிப்பும் காரமும் அந்த அளவுக்கு மங்குவதில்லை. தட்டில் இருந்த ஊறுகாய்க்கு அதனால்தான் அத்தனை ருசி.

எப்போது தூங்குவது என்பதுதான் இந்தப் பயணத்தில் எல்லாரும் தடுமாறும் இடம். மே மாதத்தில் நியூயார்க் நேரம் சிங்கப்பூரைவிடச் சரியாக 12 மணி நேரம் பின்னால். கடிகார முள்ளைத் தொடவே வேண்டாம், காலை என்பதை மாலை என்று படித்தால் போதும். மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை இப்படி; மற்ற மாதங்களில் 13 மணி நேரம். இறங்குவது மாலை ஏழு மணிக்கு, அதாவது உடலுக்குக் காலை ஏழு. விமானத்தின் கடைசி ஏழெட்டு மணி நேரம் சிங்கப்பூரின் இரவு, உடல் தூங்கக் கேட்கும். அப்போது அசந்து தூங்கினால் புத்துணர்ச்சியோடு இறங்கி, நியூயார்க்கில் விடிய விடியக் கூரையைப் பார்க்க வேண்டிவரும். முதல் சாப்பாடு முடிந்ததும் ஒரு சினிமா பார்த்துவிட்டு, ஆறாம் மணி நேரத்திலிருந்து பதினொன்றாம் மணி நேரம் வரை தூங்கி, அதன் பிறகு விழித்தே இருப்பது ஓரளவுக்குச் சரிவரும். விழித்திருப்பது கடினம்தான். சமையல் பகுதி வரை நடந்துபோய் நின்றபடி தேநீர் குடிப்பது உதவுகிறது. அங்கே முன்பின் தெரியாதவர்கள் ஐந்தாறு பேர் எப்போதும் நிற்கிறார்கள். முழங்கால் வலி, பேரப்பிள்ளை, நியூஜெர்சி வாடகை என்று பேச்சு ஓடுகிறது. இருக்கைக்குத் திரும்பியதும் யாரும் யாரையும் கண்டுகொள்வதில்லை.

நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தபடி பயணம் செய்தாலே காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது குதிகாலைத் தரையில் வைத்து முன்பாதத்தை இருபது முறை தூக்கி இறக்க வேண்டும். அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், முன்பு ரத்தம் உறைந்தவர்கள் டாக்டரிடம் கேட்டு அழுத்தக் காலுறை போடுவது நல்லது. ஆஸ்பிரினைத் தாமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஏ350இல் அறையழுத்தம் 6,000 அடி உயரத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. பழைய விமானங்களில் இது 8,000 அடி வரை போகும். தலைவலி குறைவதற்கு இது ஒரு காரணம். ஈரப்பதம் இதிலும் குறைவுதான். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடுவதே நல்லது. மணிக்கு ஒரு சிறு கோப்பை தண்ணீர்.

கிளம்பி ஆறு மணி நேரத்தில் ஜப்பான் பக்கம் சூரியன் மறைந்தது. நள்ளிரவு தாண்டி, நாள் 15 ஆகிவிட்ட பிறகு, சர்வதேச நாள்கோடு வந்தது; தேதி மறுபடி 14. பதினோராம் மணி நேரத்தில் அலாஸ்காவுக்குத் தெற்கே விடிந்தது. மொத்த இரவும் ஐந்து மணி நேரம்தான். இரண்டாம் உலகப் போரின்போது குவான்டாஸ் கேடலினா கடல் விமானங்கள் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கல ஏரிக்கு ரேடியோ பேச்சில்லாமல் பறந்தன. 5,600 கி.மீ.க்கு 27 முதல் 33 மணி நேரம் ஆனது. ஏற முடிந்தது மூன்று பயணிகள். 1943 முதல் 1945 வரை 271 முறை அப்படிக் கடந்திருக்கிறார்கள். ஒரே பயணத்தில் இரண்டு விடியல் பார்த்ததற்குப் பயணிகளுக்குச் சான்றிதழே கொடுத்தார்கள். இன்று அதைப்போல மூன்று மடங்கு தூரத்தை ஒரே ஒரு விடியலோடு கடக்கிறோம்.

மே 14, புதன், மறுபடியும். நியூயார்க்

மாலை 6.50. தூறல், 16 டிகிரி. மெல்லிய மேல்கோட்டு கைப்பையில் இருக்க வேண்டும், பெட்டியில் அல்ல. குடிநுழைவு வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. பதினெட்டு மணி நேரம் உட்கார்ந்த காலுக்கு அந்த நிற்பு நல்லது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மன்ஹாட்டனுக்கு மூன்று வழி. மஞ்சள் டாக்சிக்கு நிலையான கட்டணம் 70 டாலர். வார நாட்களில் மாலை 4 முதல் 8 வரை இன்னும் 5 டாலர். சுங்கமும் கூடுதல் வரிகளும் டிப்ஸும் சேர்ந்தால் நூறை நெருங்கும். விமான நிலைய ரயிலான ஏர்டிரெயினுக்கு 2025இல் 8.50, அதன் மேல் ஜமைக்கா நிலையத்தில் ஏறும் சப்வேக்கு (சுரங்க ரயில்) 2.90, ஆக 11.40. பெட்டி கனமாக இருந்தால் ஜமைக்காவிலிருந்து லாங் ஐலண்ட் ரயில்தான் சரி. 2025இல் நெரிசல் நேரத்தில் 7 டாலர், மற்ற நேரத்தில் 5; இருபத்தைந்து நிமிடத்துக்குள் மன்ஹாட்டனின் பென் நிலையம். சப்வேயில் பல நிலையங்களில் லிப்ட் கிடையாது. 23 கிலோ பெட்டியோடு படிக்கட்டின் கீழே நின்ற ஒரு பெரியவரிடம் ஓர் இளைஞர் ஒன்றும் கேட்காமல் பெட்டியைப் பிடித்து மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, நன்றி காதில் விழும் முன்பே போய்விட்டார். இந்த ஊரின் மரியாதை இப்படித்தான், நின்று பேசாது.

மே 15, வியாழன். நியூயார்க்

அதிகாலை இரண்டரைக்கு விழிப்பு. எல்லாருக்கும் அப்படித்தான், ஓட்டல் வரவேற்பறையில் மூன்று மணிக்கு ஒரு சின்னக் கூட்டமே இருந்தது.

உடல் கடிகாரம் தானாக ஒரு நாளுக்கு ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணிதான் நகரும். 12 மணி நேரம் என்பது இருக்கிற வித்தியாசங்களிலேயே பெரியது. அதைச் சீக்கிரம் நகர்த்தப் பகல் வெளிச்சம்தான் கருவி, ஆனால் எந்த நேரத்து வெளிச்சம் என்பதில் சூட்சுமம் இருக்கிறது. நம் உடல் வெப்பம் சிங்கப்பூர் நேரப்படி விடியற்காலை நாலு, நாலரைக்கு அடிமட்டத்துக்கு இறங்கும். நியூயார்க்கில் அது மாலை நாலரை. அந்த நேரத்துக்கு முந்தைய ஐந்தாறு மணி நேரத்தில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும்; பிந்தைய வெளிச்சம் முன்னுக்கு இழுக்கும். இரண்டும் மாறி மாறிப் பட்டால் உடல் எங்கும் போகாமல் நடுவில் நின்றுவிடும். ஆகவே முதல் மூன்று நாள் காலை பத்தரையிலிருந்து மதியம் மூன்றரை வரை வெளியே நடக்க வேண்டும். ஐந்து மணிக்கு மேல் வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி. மே மாதத்தில் இங்கே எட்டு மணி வரை வெளிச்சம் இருப்பதால் இது முக்கியம். மாலை நாலு மணிக்குத் தூக்கம் தள்ளும். படுத்தால் இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துவிட்டுப் படுக்க வேண்டும்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரிடம் நேரத்தை எழுதி வாங்கிவிட வேண்டும். இன்சுலின் என்றால் கட்டாயம். ஒரு தேதி இரண்டு முறை வரும் பயணத்தில் ‘தினம் இரவு’ என்ற குறிப்புக்குப் பொருளில்லை. கடைசியாக எடுத்ததிலிருந்து எத்தனை மணி நேரம் என்பதுதான் கணக்கு.

கிரீம் சீஸ் வைத்த பேகல் (வளைய ரொட்டி) 5 டாலர். நடைபாதை வண்டியில் கோழியும் சாதமும் 10 டாலர்; வெள்ளைச் சாறு தாராளமாக ஊற்றுவார்கள், சிவப்புச் சாறு உண்மையிலேயே காரம், கொஞ்சமாகக் கேட்க வேண்டும்.

மே 17, சனி. பிளஷிங்

மன்ஹாட்டனின் லெக்சிங்டன் அவென்யூவில் 26ஆம் தெருவிலிருந்து 29 வரை தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. பட்டியலில் தோசை 15 டாலர் என்றால் கையிலிருந்து போவது 19க்கு மேல்: நகர விற்பனை வரி 8.875 சதவீதம், டிப்ஸ் 20 சதவீதம். விலைப்பட்டியலைப் பார்க்கும்போதே கால்பங்குக்குச் சற்று மேலேயே கூட்டிக்கொள்வது நல்லது.

வயிறு இன்னும் ஊர் நேரத்தில் இருப்பவர்களுக்கு 7ஆம் எண் ரயிலில் கடைசி நிறுத்தமான பிளஷிங் மெயின் தெருவுக்குப் போகச் சொல்வேன். அங்கிருந்து பௌன் தெருவில் உள்ள விநாயகர் கோயில் இருபது நிமிட நடை. 1977இல் குடமுழுக்கு நடந்த கோயில். கீழ்த்தளத்தில் கேன்டீன். காகிதத் தட்டில் தோசை, 10 டாலருக்குள். சாம்பார் ஊற்றிக் கொடுக்கும் அம்மா “இன்னும் வேணுமா கண்ணா?” என்று எல்லாரிடமும் கேட்கிறார், வெள்ளைக்காரர்களிடமும் தமிழில்தான். வார இறுதியில் கூட்டம். பதினொரு மணிக்கு முன்பே போய்விட வேண்டும். வார இறுதிகளில் சப்வேயில் பராமரிப்பு வேலை நடப்பதால் ரயில் நிற்கும் இடங்கள் மாறும். இன்று நடுவில் இறங்கி பஸ்ஸில் மாற வேண்டியிருந்தது. நடைமேடையில் ஒட்டியிருக்கும் மஞ்சள், வெள்ளைத் தாள்களைப் படிக்காமல் ஏறக் கூடாது.

கேன்டீனில் பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த குடும்பம். சென்னைக்காரர்களுக்கு இந்த வழி சுற்று. சென்னை–நியூயார்க் நூல் பிடித்த தூரம் 13,480 கி.மீ.; சிங்கப்பூர் போய் வந்தால் 2,900ஐயும் 15,345ஐயும் கூட்டி 18,200க்கு மேல். வளைகுடா வழியோ ஐரோப்பா வழியோ போனால் ஐந்தாறு மணி நேரம் மிச்சம். சிங்கப்பூரில் சொந்தங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றால் மட்டும் இது பொருந்தும்.

சிங்கப்பூரிலிருந்தே கிளம்புகிறவர்களுக்கும் நேரடி விமானம்தான் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். பிராங்க்பர்ட்டில் நின்று போகும் சேவையும் இருக்கிறது: 10,280 கி.மீ.யும் 6,190 கி.மீ.யும் சேர்த்து 16,470 கி.மீ., மொத்தம் ஒரு நாள் அளவு. ஐந்தாறு மணி நேரம் கூடுதல், ஆனால் நடுவில் இறங்கி நடக்கலாம், சாதாரண எகானமி இருக்கையும் உண்டு. முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அனுப்புகிறவர்கள் அதைப் பார்க்கட்டும். சக்கர நாற்காலி தேவைப்படுபவர்களுக்கும் இணைப்பு தவறினால் பதறுகிறவர்களுக்கும் நேரடிதான்.

மே 22, வியாழன். ஜே.எப்.கே.

மே கடைசியில் இப்படி ஒரு குளிர் இந்த ஊருக்கே புதிது. நாள் முழுக்கக் காற்றோடு மழை, 11 டிகிரி. இரவு பத்தரைக்கு விமானம். கதவு சரியான நேரத்தில் மூடியும், மழையாலும் நெரிசலாலும் ஓடுபாதைக்கு வரிசையில் ஊர்ந்து போக முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பும் பயணத்தின் அட்டவணை நேரம் போகும் பயணத்தைவிடப் பத்து இருபது நிமிடம் கூடுதலாக இருப்பதற்கு இந்த வரிசையும் ஒரு காரணம்.

மே 23, வெள்ளி. வானில்

திரும்பும்போது பசிபிக் வழி வந்தால் அதே ஜெட் ஸ்ட்ரீம் எதிர்காற்றாகிவிடும். ஆகவே பெரும்பாலான நாட்களில் மறுபடியும் கிழக்கு நோக்கியே: அட்லாண்டிக், ஐரோப்பா, துருக்கி, வளைகுடா, அரபிக்கடல், இந்தியா, வங்காள விரிகுடா. லண்டன் மேலாகக் கணக்கிட்டால் 16,420 கி.மீ.; துருவ வழியைவிட ஆயிரத்துக்கு மேல் அதிகம், ஆனாலும் காற்று கூட வருகிறது. போனபோது பசிபிக், வந்தபோது அட்லாண்டிக் என்பதால் இந்த ஒரு டிக்கெட்டில் பூமியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, 32,600 கி.மீ. பறந்தாகிவிட்டது.

வெள்ளிக்கிழமையும் விசித்திரமானது. கிளம்பி நாலு மணி நேரத்தில் அயர்லாந்துக்கு மேற்கே விடிந்தது. பன்னிரண்டு மணி நேரம் தாண்டி வளைகுடா அருகே இருட்டியது. எட்டு மணி நேரத்தில் ஒரு பகல் முடிந்தது. ஐரோப்பா மேலே நல்ல வெயிலிலும் சன்னல்களை மூடச் சொல்கிறார்கள். ஆல்ப்ஸ் பார்க்க வேண்டுமென்றால் மறைப்பை நாலு விரல் உயரம் மட்டும் தூக்கலாம். அதற்குமேல் தூக்கினால் பக்கத்தில் தூங்குபவர் முகத்தில் ஒளி விழும்.

இந்தத் திசையில் தூக்கக் கணக்கு எளிது. இறங்குவது விடியற்காலை. சிங்கப்பூர் இரவு என்பது விமானத்தின் கடைசி ஏழு மணி நேரம். ஏறியதும் இரவுச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு நாலு மணி நேரம், பிறகு வளைகுடா தாண்டி ஐந்து மணி நேரம் என்று இரண்டு தவணையாகத் தூங்கினால் சனிக்கிழமை கையில் இருக்கும். வங்காள விரிகுடாவின் தெற்கே மழைமேகங்களால் அரைமணி நேரம் நல்ல குலுக்கல். மே மாதத்தில் அந்த இடத்தில் அது வழக்கம். இடுப்புப் பட்டை தூங்கும்போதும் போர்வைக்கு மேலே தெரியும்படி இருந்தால் எழுப்ப மாட்டார்கள்.

மே 24, சனி. சாங்கி

காலை 5.20. வியாழன் இரவு ஏறி சனிக்கிழமை இறங்கும்போது, வெளியூர்க்காரர்கள் வருகை அட்டையைத் தவறான தேதியில் நிரப்பிவிடுகிறார்கள். இறங்கும் தேதியைத்தான் எழுத வேண்டும். வருவதற்கு மூன்று நாள் முன்பிலிருந்து இணையத்தில் நிரப்பலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவும் அரசின் தளமல்ல. குடிநுழைவு பத்து நிமிடத்தில் முடிந்தது. முதல் ரயில் ஐந்தரையை ஒட்டி. ஞாயிற்றுக்கிழமை என்றால் கிட்டத்தட்ட ஆறு.

சென்னைக்குத் தொடர்கிறவர்கள் இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டில் வாங்கியிருந்தால் பெட்டி தானாகப் போகும். தனித்தனி டிக்கெட் என்றால் குடிநுழைவு தாண்டி வெளியே வந்து, பெட்டி எடுத்து, மறுபடி பதிய வேண்டும். ஜே.எப்.கே. மழையில் போன முக்கால் மணி நேரம் வழியில் ஈடாகவில்லை என்றால் காலை எட்டு மணிச் சென்னை விமானம் கைவிட்டுப் போகும். தனி டிக்கெட்டுக்காரர்கள் நண்பகலுக்குப் பிந்தைய விமானமாகப் பார்த்து வாங்குவது நல்லது.